மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

2025 பெப்ரவரி 20, வியாழன்

நான் ஸ்கானுக்குப் பயந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வரவில்லை. முதலில் அதைத் திருத்தி எழுதிவைக்கிறேன். முன்வீட்டு இராசமலர் சந்திக்கடை வரை கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். "ரீச்சர் மெசினைக் கண்டவுடன எழும்பி ஓடிட்டாவாம்." மெசினை நான் காணவே இல்லை. காணாத பொருளுக்கு யார் பயப்படுவார்கள்?

நடந்தது இது. என் இடது சிறுநீரகத்தில் ஏதோ வளர்கிறது. சாதாரண ஸ்கானில் நிழலாகத் தெரிந்தது. சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்த பிறகுதான் வெட்டலாமா, எவ்வளவு வெட்டலாம் என்று சொல்ல முடியும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அதற்கு ஒரு திகதி கிடைக்கவே கார்த்திகை விளக்கீட்டிலிருந்து காத்திருந்தேன். திகதி முந்தாநாள், செவ்வாய்க்கிழமை.

ஸ்கான் பிரிவில் இப்போது புது முறை. மெசின் ஒன்று, நோயாளர் ஏராளம். அது ஒரு நிமிடமும் சும்மா நிற்கக்கூடாது. கணினியில் வருகிற பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். எழும்பாவிட்டால் அடுத்த ஆள். நல்ல முறை. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

"சங்கிலி" என்று கூப்பிட, என் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி உள்ளே போனாள். அதற்குப் பிறகு கூப்பிட்டது என் கணவரின் பெயரை. மூன்று தரம். அதே பெயரில் இன்னொரு மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்து வாங்குகளில் இருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவரும் எழும்பவில்லை.

நேரம் போக, கவுண்டரில் இருந்த சுரேகா என்ற பிள்ளையிடம் போய்க் கேட்டேன்.

"உங்களை மூண்டு தரம் கூப்பிட்டாச்சு அம்மா. நீங்கள் வரேல்லை எண்டு போட்டாச்சு."

"என்னை ஒருவரும் கூப்பிடேல்லை."

அவள் மறுபடி அவருடைய பெயரைச் சொன்னாள். "அது நீங்கள்தானே?"

"அது அவர். அவர் காலமாகிப் பத்து வருசம்."

வாங்கில் இருந்த ஒருவன், "அப்ப ஆள் வந்தவுடன அனுப்பிவிடுங்கோ தங்கச்சி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடந்துதான் வந்தேன், ஓடவில்லை.

புதுத் திகதி ஏப்ரல் கடைசியில்.

பெப்ரவரி 23

எங்கள் பெயர்களில் கல்யாணத்துக்கு முன் தகப்பன், பின் கணவன் முன்னுக்கு நிற்பார். கணினிக்கோ, பெயரில் முன்னுக்கு நிற்பவர்தான் ஆள். அது சரி.

மருமகள் தயாளினி கேட்டாள்: "மாமாவின்ர பெயர் கேட்டதுதானே மாமி? ஒருக்கா எழும்பிப் போய் என்னெண்டு கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். ஒருவரும் எழும்பாதபோது, மூன்றாம் தரம் கூப்பிட்டபோது, எனக்குத் தெரியாதா? தெரிந்ததா?

அவருடைய பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. கொன்வென்ரில் படித்தவள், ஆங்கிலம் படிப்பித்தவள், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள். ஆனாலும் சொன்னதில்லை. மரணப் பதிவுக்குப் போனபோது மகன் அஜந்தன்தான் தகப்பனின் பெயரைச் சொன்னான். கையெழுத்திலும் நான் 'க. பத்மாசனி'. ஓர் எழுத்துக்கு மேல் அவரை எழுதியதில்லை.

மார்ச் 4

வாசல் கேற்றுக்குப் பூட்டு. "தனியப் போய் எங்கையும் விழுந்துபோட்டியள் எண்டால் உங்கட மகனுக்கு நான்தானே பதில் சொல்லவேணும்" என்கிறாள் தயாளினி. அஜந்தன் அறுவடை மெசினோடு திரிகிறான். வரும்போதெல்லாம், "அம்மா, பயமெண்டால் சொல்லுங்கோ, நான் கூட வாறன்" என்கிறான். பயமில்லை என்று சொன்னால் அது பயத்தினால் சொல்வதாம். இந்த வீட்டில் என் வாய்க்குள்ளிருந்து வருவது ஒன்றும் நான் சொன்னதாக ஆகாது.

மார்ச் 19

இடப்பக்கம் நோகிறது. சொல்லவில்லை.

ஏப்ரல் 2

நோகிறது. நேற்றும். முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை இராசமலர் கண்டுவிட்டாள். "அக்கா, மெசின் கடிக்காது, படுத்துக் கிடந்தால் சரி." அவளுக்கு நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஏப்ரல் 29

மெசின் பழுது. போய் இருந்த பிறகுதான் சொன்னார்கள். விடியப் பஸ் ஏறி வந்தவர்கள் அத்தனை பேரும் வாங்குகளில் அப்படியே இருந்தார்கள், எழும்பினால் திகதியும் போய்விடும் என்பதைப்போல.

'சங்கிலி' இன்றும் வந்திருந்தாள். அவள் பெயர் ராக்காயி. ஜெயபுரத்தில் தோட்டம் செய்கிறாளாம். மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம்.

"அப்ப சங்கிலி யார்?" என்று கேட்டேன்.

"எம் புருசங்க. செத்து அஞ்சு வருசமாச்சு, இன்னும் எனக்கு முன்னாடி வந்து நிக்கிறாரு. உசிரோட இருக்கயில ஒரு நாளு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருப்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்திருந்த தயாளினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சுரேகாவிடம் போய், அடுத்த முறை பத்மாசனி என்று கூப்பிடச் சொன்னேன்.

"கணினியில வாறதைத்தான் கூப்பிடலாம் அம்மா. மாத்திக் கூப்பிட்டு ஆள் மாறினால் நான்தான் பதில் சொல்லவேணும்."

அவளில் பிழை இல்லை. பிழை இல்லாதவர்களுக்கு நடுவில்தான் நான் அகப்பட்டிருக்கிறேன்.

திகதி மே 20.

மே 11

மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். சேலை நிற்கவில்லை. ஊசி குத்திக் கட்டுகிறேன்.

மே 20, செவ்வாய்

எடுத்தாயிற்று.

ஒழுங்காக எழுதவேண்டும். காலையில் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வற்றாப்பளையிலிருந்து வந்த ஒரு கிழவி. என்னிலும் மூத்தவர். "வீரையா" என்று சுரேகா கூப்பிட்டாள். ஒருவரும் எழும்பவில்லை. கிழவி மடியில் கையை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அம்மா, உங்கட அவருக்கு என்ன பெயர்?"

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். "ஐயோ, நான் எப்பிடிச் சொல்ல?"

"வீரையாவோ?"

ஓம் என்று தலையை ஆட்டினார். மூன்றாம் தரம் கூப்பிடும்போது நான் எழும்பி நின்று, "இஞ்ச இருக்கிறா! வீரையாவின்ர ஆள் இஞ்ச இருக்கிறா!" என்று கத்தினேன். வகுப்பறைக்குப் பிறகு அப்படிக் கத்தியதில்லை. கிழவியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டேன்.

என் முறை வந்ததும் முதல் அழைப்பிலேயே எழும்பினேன். எழும்புவது லேசாக இருந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

உள்ளே நீல உடுப்புப் போட்டு, கையில் ஊசி ஏற்றி, அந்த ஒடுங்கிய கட்டிலில் படுக்கவைத்தார்கள். மருந்து ஓடினால் உடம்பு சுடும், அசையக்கூடாது என்றார்கள். ஸ்கான் எடுக்கிற இளைஞன் நிருஷன் மேலே குனிந்தான்.

"பெயரைச் சொல்லுங்கோ அம்மா."

"பத்மாசனி."

"முழுப்பெயர்."

"அதிலே இருக்கு. வாசியுங்கோ."

"நான் வாசிச்சு நீங்கள் ஓம் எண்டு சொல்லக்கூடாது. ஆள் மாறாமல் இருக்கத்தான். நீங்களாய்ச் சொல்லவேணும்."

"மருமகள் வெளியில நிக்கிறா. அவாவைக் கேளுங்கோ."

"அவாவுக்கோ ஸ்கான்?"

அவன் பகிடியாகத்தான் சொன்னான். மேலே வெள்ளைக்கூரை. கையில் ஊசி. எழும்பவும் முடியாது, படுத்திருக்கவும் முடியாது. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், என்னால் மெசின் சும்மா நிற்கிறது.

சொன்னேன்.

"கேக்கேல்லை அம்மா. கொஞ்சம் சத்தமாய்."

மறுபடி சொன்னேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. அவன் மருந்தினால் என்று நினைத்து, "சுடும், பயப்படாதேங்கோ" என்றான். மருந்து இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

மூச்சை இழு, அடக்கு, விடு. அவ்வளவுதான் ஸ்கான்.

மே 21

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். வெட்கப்பட்டிருப்பார்.

ஜூன் 3

ஸ்கானை வாசிக்கிற நிபுணர் கிழமையில் ஒரு நாள்தான் வருகிறார். அறிக்கை இன்றுதான் கிடைத்தது. சத்திரசிகிச்சை நிபுணர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடது சிறுநீரகத்தை முழுதாக எடுக்கவேண்டும். வேறு இடத்துக்குப் பரவவில்லை.

"பெப்ரவரியில் எடுத்திருந்தால் ஒரு பகுதியோட நிப்பாட்டியிருக்கலாமோ, டொக்டர்?"

"அதை இப்ப கதைச்சுப் பிரயோசனமில்லை அம்மா."

அது ஒரு பதில்தான்.

அஜந்தன்தான் வாகனத்தில் கூட்டிவந்தான். அக்கராயன் திருப்பத்தில், "ஏனம்மா அண்டைக்கே எங்களுக்கு விளங்கச் சொல்லேல்லை?" என்றான். நான் அவனுக்கு எல்லாம் சொன்னேன், கட்டிலில் சொன்னதையும். அவன் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றான்.

ஜூன் 5

ஆஸ்பத்திரிக்கு எழுதியதன் பிரதி. எனக்காக இங்கே வைக்கிறேன்.

பணிப்பாளர் அவர்கட்கு,

என் முழுப்பெயர் கதிர்காமநாதன் பத்மாசனி. பெப்ரவரி 18 அன்று உங்கள் ஸ்கான் பிரிவில் 'வரவில்லை' என்று பதியப்பட்ட நான், அப்போது வாங்கில் இருந்தேன். என்னைக் கூப்பிட்டது காலமான என் கணவரின் பெயரில். உங்கள் ஊழியர்களில் எனக்குக் குறை இல்லை. அவர்கள் கேட்கத்தான் வேண்டும், நான் சொல்லத்தான் வேண்டும்.

திகதி கொடுத்தும் வராதவர்களால் மெசின் நேரம் வீணாகிறது என்று சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். அப்படிப் பதியப்பட்டவர்களில் எத்தனை பேர், கணவனின் பெயருக்கு எழும்பத் தெரியாமலோ முடியாமலோ வாங்கிலேயே இருந்த பெண்கள்? கூப்பிடும்போது பெண்ணின் சொந்தப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட என்ன தடை?

நான் திங்கட்கிழமை சத்திரசிகிச்சைக்காக அனுமதிக்கப்படுகிறேன். பதில் கடிதத்தை மருமகள் பெற்றுக்கொள்வாள். இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தரவும்.