உகாண்டாவில் எனக்காக ஒரு கோழி

ஆகஸ்ட் 9, சனி

உகாண்டா கிராமத்துக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு இன்று இங்கே நீலாய் நகரில் விளக்கக் கூட்டம். அங்கே பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சாயம் அடிக்கப் போகிறோம். "கரண்டு இருக்காது, தண்ணி தூரம். ஆனா பிள்ளைங்க சிரிச்சிக்கிட்டே இருப்பாங்க, பார்த்தாலே மனசு நெறைஞ்சிரும் லா," என்றார் பேசியவர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரந்தாவில் எங்கள் ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கும் இப்படிச் சாயம் அடிக்க ஆட்கள் வந்தார்கள். முந்தின நாளே, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வீடு வீடாக வந்து, "நாளைக்கு எல்லாரும் பல்லு தெரிய சிரிக்கணும், மூஞ்ச தூக்கி வெச்சா தொலைச்சிருவேன்," என்று மிரட்டினார். சிரித்தோம். படம் எடுத்துக்கொண்டார்கள். முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியை அடித்து அம்மா அவர்களுக்குக் குழம்பு வைத்தார். வந்தவர்களில் ஒருத்தி காரம் என்று தட்டை ஒதுக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, போகவே பயமாக இருக்கிறது என்றேன்.

"அப்ப போகாத," என்றார் அம்மா, துணி மடித்துக்கொண்டே. "போனா, வெக்கிறத மிச்சம் வைக்காம தின்னுடி. அன்னிக்கு அவ ஒதுக்குன தட்ட நீதானே வழிச்சித் தின்ன."

விமானச் சீட்டு வந்துவிட்டது. எனக்காக அடிக்கப்போகும் கோழி அங்கே யார் வீட்டிலோ இன்னும் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.