எரிமலைக்குப் போட்ட வேட்டி

நவம்பர், ஞாயிறு இரவு

புரோசார்ட் நகரில் அக்காவின் வீட்டுக்குப் போய், அவளிடம் அத்தானின் வேட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

போன மாதம் அவளும் நானும் இந்தோனேசியாவில் புரோமோ எரிமலைக்குப் போனோம். விளிம்பில் பிள்ளையார் இருக்கிறார். ஊர்மக்கள் பூ, காய்கறி, கோழி என்று நேர்ந்ததைப் புகையும் குழிக்குள் போடுகிறார்கள். போரில் காணாமல் போன அத்தானின் வேட்டியை அக்கா கும்பிட்டு உள்ளே போட்டாள். அழவில்லை. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

மற்றவர்கள் போடுவதைப் பிடித்து எடுத்துக்கொள்ள, குழிச் சரிவில் வலையோடு நின்ற ஒருவன் அதைப் பிடித்துவிட்டான். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துச் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவனிடம் கெஞ்சி வாங்கி, அவளுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்று கண்டதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இதை ஏனடா கொண்டு வந்தனி? அவரை அங்கை விட்டிட்டன் எண்டுதானே இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்."

"ஆரோ ஒருத்தன் எடுத்துக்கொண்டு போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே, அக்கா?"

"எடுத்தவன் உடுத்திருப்பான்."

பிறகு தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். நான் புறப்படச் சப்பாத்துப் போடும்போது அறைக்குள் பார்த்தேன். வேட்டியை மடித்து, பழையபடி அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.