முதுகில் கம்பெனிப் பெயர்

என் சாந்தி அக்காவுக்கு,

உனக்குத் திதி வரப்போகிறது. அம்மா உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைப்பாள். எனக்குச் சமைக்கவும் வராது, உட்கார்ந்து அழவும் வராது. அதனால் செய்தி சொல்கிறேன். நல்ல செய்தி இல்லை. மூக்கண்டப்பள்ளியில் நீ நடத்திய பெண்கள் கபடிப் பயிற்சி மையத்துக்கு அரசு கொடுக்கும் நிதியை நிறுத்தப் போகிறார்கள்.

பெரிய நிதியா அது? விரித்து ஆட ஒரு மேட், முட்டை, தூரத்தில் இருந்து வரும் பிள்ளைகளுக்குப் பஸ் செலவு, கோச்சுக்குக் கொஞ்சம் மதிப்பூதியம். நீ ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு மைதானத்துக்கு ஓடுவாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன்னோடு ஆடிய மஞ்சுளா அக்காதான் இப்போது பார்த்துக்கொள்கிறாள். முட்டை முதலில் நின்றது. பிறகு பஸ் செலவு. வரும் பிள்ளைகள் குறைந்ததும், “பயன்பெறுவோர் குறைவு” என்று எழுதிவிட்டார்கள். எங்கள் பிளாண்டில் ஒருவன் மெஷினுக்கு ஆயில் விடாமல் வைத்திருந்து, அப்புறம் மெஷின் சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதினால் மறுநாள் அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நிதியை நிறுத்தக் கூடாது என்று மனு எழுதி, கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர், “எங்கூர்ல பிள்ளையள்லாம் மண்ணுலதாம்ப்பா ஆடுது. உங்க ஊரு மகாராணிகளுக்கு மெத்த வேணுமோ?” என்றார்.

“போட்டி எல்லாம் மேட்லதான் நடக்குது. மண்ணுலயே பழகிட்டு மேட்ல திரும்புனா கால் புடிச்சுக்கும், முட்டி திருகிடும். உங்க பொண்ணா இருந்தா மண்ணுல விடுவீங்களா?”

“எம் பொண்ணு கபடிக்கே போவாது” என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். கிருஷ்ணகிரிக்குப் பிள்ளைகளோடு போனோம். முதல் நாளே மஞ்சுளா அக்கா, “கலெக்டர் ஆபீசுக்குப் போறோம், பிச்சக்காரிங்க மாதிரி வராதீங்கடி. இருக்கறதுலயே நல்லதப் போட்டுட்டு வாங்க” என்று சொல்லியிருந்தாள். யாருக்குத்தான் அது தப்பாகத் தோன்றும்? மனு கொடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதானே. பிள்ளைகளிடம் இருந்ததில் நல்லது புது ஜெர்சி. ஆயுத பூஜைக்கு இங்கே ஒரு கம்பெனி கொடுத்தது. முதுகு முழுக்க அந்தக் கம்பெனியின் பெயர்.

எங்கள் மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். பிள்ளைகளின் பெயரைக் கேட்டார், மார்க் கேட்டார். பிறகு நேத்ராவிடம், “கொஞ்சம் திரும்பும்மா” என்றார். நேத்ராவை உனக்குத் தெரியும். தளியில் இருந்து வருகிறவள், நீ இருக்கும்போதே உன்னைப் போல ரெய்டு போக ஆரம்பித்தவள். திரும்பினாள். அவர் படித்தார்.

“ஸ்பான்சர் இருக்காங்களே. அப்புறம் அரசுப் பணம் எதுக்கு? ஒண்ணுமே இல்லாத ஊருங்க எவ்ளோ இருக்கு.”

“சார், இது ஆயுத பூஜைக்குக் குடுத்தது” என்றாள் நேத்ரா. “பொரியும் குடுத்தாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனுவின் ஓரத்தில் என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று அப்புறம் தெரிந்தது: தனியார் ஆதரவு உள்ளது.

நான் கோபப்பட்டேன், அப்புறம் கணக்காக யோசித்தேன். மெயின் லைன் போனால் ஜெனரேட்டர் போடுகிறோம். கரன்ட் எங்கிருந்து வந்தால் மோட்டாருக்கு என்ன? அந்தக் கம்பெனியிலேயே போய்க் கேட்டேன். எச்.ஆரில் உடனே ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் வளாகத்துக்குள்ளேயே இடம், அவர்கள் பெயரில் டீம், முட்டை என்ன, பாலும் உண்டு. மைதானத்துக்கு வந்து சொன்னேன். மஞ்சுளா அக்கா பாட்டுக்கு மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் நேத்ரா வரவில்லை. தளிக்குப் போனேன். அவள் அப்பா ரோஜா வளர்க்கும் பசுமைக் குடிலில் நின்றிருந்தார். வீட்டில் கன்னடம், நம்மோடு தமிழ். கம்பெனி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “பேடா தம்பி, வேணாம்” என்றார்.

“செலவு ஒண்ணும் இல்லீங்க. முன்னவிட நல்லாவே பாத்துக்குவாங்க.”

“செலவ யாரு கேட்டா? உங்கக்கா வந்தப்ப சர்க்கார் கோச்சிங்னு சொல்லுச்சு. ஊருல நாலு பேரு கேட்டா, சர்க்காரு கூப்புட்டுச்சு, அனுப்பறேன்னு சொல்லுவேன். எம் பெண்டாட்டியோட அண்ணன் கூட வாயத் தொறக்கல. இப்ப கம்பெனிக்குள்ளாற வயசுப் புள்ளய எப்பிடி அனுப்பறது?”

“அங்கயும் ஆள் இருப்பாங்க.”

“சர்க்காருன்னா நாளைக்கு ஒண்ணுன்னா போய் கேக்கலாம். கம்பெனின்னா கேட்லயே வாட்ச்மேன் நிறுத்திருவான். நீயும் கம்பெனியிலதான வேல செய்யற, உனக்குத் தெரியாதா?”

தெரியும், அக்கா. இத்தனை நாளும் இதைப் பணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்ததே சர்க்கார் என்ற அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் என்று எனக்குப் புரியவே இல்லை. உனக்கு அது புரிந்திருந்ததா? மையத்தை நாங்கள் எடுத்து நடத்தட்டுமா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டபோதெல்லாம் நீ சிரித்து மழுப்பியது அதனால்தானா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

“உகாதிக்குள்ள சர்க்கார் ஆர்டர் வந்தா அனுப்பறேன்” என்றார் அவர். “அதுக்கப்பறம் கேக்காதே. பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. பரீட்ச முடிஞ்சா பதில் சொல்லணும்.”

நேத்ரா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ரோஜாக்களை அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது தலை நிமிராமலே, “அண்ணா, அந்த ஜெர்சியத் திருப்பிக் குடுத்துட்டேன்னு அந்த சாருகிட்ட சொல்லுங்க” என்றாள். அவள் திரும்பி நின்றதால்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி இல்லை என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

கம்பெனியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற பிள்ளைகளின் வீட்டில் சிலருக்கு என்மேல் கோபம். “வர்ற சோத்தத் தட்டி உடறியே, நீ என்ன பெரிய இவனா?” என்று ஒரு அம்மா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்காக மற்றவர்களின் முட்டையையும் பாலையும் நிறுத்தினேனா? மற்றவர்களுக்கும் இதே கதவு நாளைக்கு மூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியவில்லை.

மனு எழுதுவதை மாற்றியிருக்கிறேன். மேட், முட்டை எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் வரி இப்படி இருக்கிறது: இந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டது நீங்கள்தான். கூப்பிட்டவர்கள் பாதியில் போனால் பிள்ளைகள் தங்கள் வீட்டில் என்ன பதில் சொல்வார்கள்? அதிகாரி படித்துவிட்டு, மேலே அனுப்புகிறேன் என்றார். மேலே என்றால் எந்த மேஜை என்று கேட்டேன். முறைத்தார். அடுத்த திங்கட்கிழமையும் கேட்டேன்.

வாங்கிவிடுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். கையில் இல்லாததைக் கொடுக்க எனக்குத் தெரியாது. ஆர்டர் வந்தால் அன்றைக்கே தளி பஸ் பிடித்து அவர் கையில் கொடுப்பேன். வராவிட்டாலும் அதே பஸ் பிடித்துப் போவேன். உகாதிக்கு முன்னால் நேத்ராவின் எதிரில் நின்று, வரவில்லை, உன்னால் இல்லை, அவர்கள் தரவில்லை என்று என் வாயால் சொல்வேன். பிறகு வருகிற திங்கட்கிழமையும் கிருஷ்ணகிரிக்குப் போவேன்.

உன் கூடப் பிறந்த, உன் அளவுக்குப் பொறுமை இல்லாத தம்பி
முரளி