அம்மா லைட்டை அடைத்த சோதனை

பிரிஞ்சாங்,
ஞாயிறு, மழை விட்ட பிறகு.

அன்புள்ள நளினி அக்காவுக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தங்கை யோகேஸ்வரி எழுதுவது. நடந்ததை எல்லாம் உண்மையாகவே எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா "இத எழுதாதடி" என்று சொல்கிற இடங்களையும் சேர்த்துத்தான் எழுதுவேன், ஏனென்றால் போனில் நீங்கள் கேட்டுக் கேட்டு அம்மா மழுப்புவதெல்லாம் அந்த இடங்கள்தான். இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிர் உங்கள் காதுக்குள் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் தினசரி வேண்டுதல், சாமி படத்தின் முன் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நெருப்புக்குச்சியையே உரசுகிறார். பார்சலில் தேயிலைத் தூளும் மிளகாய்த் தூளும் அம்மா பின்னிய கழுத்துத் துணியும் இருக்கின்றன. நெத்திலியும் இருந்தது, ஏர்போர்ட்டில் நாய் வந்து மோந்து பார்க்கும் என்று சொல்லி அப்பா எடுத்துவிட்டார்.

எழுத வேண்டாம் என்று அம்மா சொன்ன முதல் விஷயம் அவருடைய முட்டி. சரிவில் ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை, இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறார். ரிங்லெட் கிளினிக்கில் காட்டினோம். இனிமேல் மலையில் தேயிலை வெட்டப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். இந்த லைன் வீடு அம்மாவின் வேலைக்குக் கொடுத்த வீடு, வேலை போனால் வீடும் போகும். அப்பா கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுவது வேறு முதலாளிக்கு, அதற்கு வீடு கிடையாது. பிரிஞ்சாங்கில் வாடகைக்குக் கேட்டால் நம்மையும் சுற்றுப்பயணி என்று நினைத்துக்கொண்டு விலை பேசுகிறார்கள். எனக்கோ இந்த ஆண்டு ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசிப் பரீட்சை. அப்போதுதான் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு வழி சொன்னார். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலைக்கு ஆள் வேண்டும், மலையில் வேலை செய்தவர்களே வந்தால் நல்லது, ஆனால் இங்கிலீஷ் சோதனையில் தேற வேண்டும் என்றார். மொத்தம் ஐந்து படி. பேசுவதில் மூன்றாம் படி, எழுதுவதில் இரண்டாம் படி வாங்கினால் வேலையும் உண்டு, வீடும் உண்டு. அம்மா உங்களிடம் "சும்மா பொழுதுபோக்கா கிளாஸ் போறேன்" என்று சொன்னது இதற்காகத்தான்.

வகுப்பு நடத்தியவர் எங்கள் பள்ளி பரமேஸ்வரி டீச்சர். தோட்டத்து மண்டபத்தில், சனிக்கிழமைகளில். பதிவு செய்யும் கருவியைப் பார்த்துக்கொள்ள என்னையும் சேர்த்துக்கொண்டார், அதனால் நான் பார்த்தது உங்களுக்குச் சொல்லியே தீர வேண்டியது. அக்கா, நான் இத்தனை வருடமாகப் புள்ளி வாங்குகிறேன், புள்ளி போடுவது எப்படி என்று ஒரு நாளும் யோசித்ததே இல்லை. தவறுகளை எண்ணிக் கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோதனைக்கு முந்தைய வாரம் டீச்சரும் திருச்செல்வம் சாரும் எதிரெதிரே உட்கார்ந்து, யாரோ முன்பின் தெரியாத ஒருவர் இங்கிலீஷில் பேசிய பதிவைக் கேட்டார்கள். சார் கோலாலம்பூரிலிருந்து எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர், மத்தியான வெயிலிலும் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்காதவர். இருவரும் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு, தேர்வில் காப்பி அடிக்க விடாத பிள்ளைகள் மாதிரி தனித்தனியாகப் புள்ளி எழுதினார்கள். கையை எடுத்தால் டீச்சர் நான்கு, சார் இரண்டு. நடுவில் மூன்று போட்டு முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. பதிவைத் திரும்பவும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்கள். இந்த ஆளு கிராமர்ல ரெண்டு தடவ விழுந்தாரே டீச்சர் என்று சார் சொன்னார். "விழுந்தாரு சார், எந்திரிச்சு நடந்துட்டாரே. என்னா சொல்ல வர்றாருன்னு நீங்க எங்கயாவது முழிச்சீங்களா?" என்றார் டீச்சர். முழிக்கவில்லையாம், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் நம் ஊர்ப் பேச்சு மாதிரி லா போட்டு முடிக்கிறாரே என்றார் சார். "இப்ப நீங்க என்கிட்ட ஓகே லான்னுதான் சொன்னீங்க" என்று டீச்சர் சொன்னதும் சார் சிரித்துவிட்டார். ஆனால் இன்னொரு இடத்தில் சார் சொன்னதுதான் சரி. அந்த ஆள் அழகாகப் பேசினாரே தவிர கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. டீச்சர் திரும்பக் கேட்டுப் பார்த்து, தன்னுடைய நான்கைத் தானே குறைத்துக்கொண்டார். இப்படி ஒன்று மாற்றி ஒன்று, இருவருடைய காதும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும் வரை. இலை நிறுக்கிற இடத்தில் கூடையை மாட்டுவதற்கு முன் கணக்கு எழுதும் கிராணி வெறும் தராசைத் தொங்கவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார் இல்லையா, இவர்கள் தங்களையே அப்படித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் பேசுகிற பேச்சுக்கு இவ்வளவு மரியாதை உலகத்தில் எங்கோ ஒரு மேசையில் நடக்கிறது என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

சோதனை நாளன்று பெயரே கிடையாது, எண்தான். அம்மா ஏழாம் எண். பக்கத்து வீட்டு வடிவம்மாள் அத்தை ஆறு. நான் எழுதிக்கொடுத்த பத்தியை, தேயிலை எப்படி வாடுகிறது, எப்படி உருளுகிறது என்பதை, இருவரும் மனப்பாடம் செய்திருந்தார்கள். அத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சார் நடுவில் ஒரு சின்னக் கேள்வி கேட்டதும் அத்தை திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கிவிட்டார், டிவி சீரியலை மறுபடி போட்ட மாதிரி. மனப்பாடத்துக்குப் படி ஏறாதாம். அது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்து, "நீ வெளிய போம்மா. உங்க அம்மா குரல் உனக்கு வேற மாதிரி கேக்கும்" என்றார். கருவியை அவரே எடுத்துக்கொண்டார். வெளியே சாரல். சிங்க் தகரக் கூரைக்குக் கீழே நின்று மண்டபத்துச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சன்னல் இருண்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன், ஆனால் பக்கத்துக் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா மயங்கி எதன்மேலோ விழுந்துவிட்டார் என்றுதான் அடுத்து நினைத்தேன். கதவை நோக்கி ஓடும்போது உள்ளே சிரிப்புச் சத்தம், அதில் பெரிய சிரிப்பு அம்மாவுடையது. விளக்கு மறுபடி வந்தது.

நடந்தது இதுதான், பிறகு பதிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனப்பாடத்தை நிறுத்திவிட்டு, சார் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெளிநாட்டுக்காரராக நடித்து, சாயந்திரம் போகும்போது நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அம்மா தைரியமாக, "குளோஸ் தி விண்டோ, குளோஸ் தி டோர், குளோஸ் தி லைட்" என்றார். வீட்டில் நாம் லைட்டைத் திற, லைட்டை அடை என்றுதானே சொல்கிறோம், மலாய் மொழியிலும் அப்படித்தானே, அம்மா அதையே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சார் விடவில்லை. லைட்டை எப்படி அடைப்பது, அதற்குக் கதவு இருக்கிறதா என்று கேட்டார். பதிவில் அந்த இடத்தில் ஒரு மௌனம் இருக்கிறது அக்கா, அதைக் கேட்கும்போது நம் வீடே அந்த மௌனத்தில் தொங்கிய மாதிரி இருந்தது. பிறகு அம்மாவின் குரல். "நோ டோர், சார். யூ ஃபினிஷ் தி லைட்." நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். டக். "லைக் திஸ். சீ? நவ் ஆல் டார்க். யூ கோ ஹோம் ஸ்லோ ஸ்லோ, டோன்ட் ஃபால் டவுன்." அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

எழுத்தில் சிக்கல் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னார்கள். தயவுசெய்து இலையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது எங்கள் சோறு என்று அம்மா எழுதியிருந்தார். இலை என்ற சொல்லின் எழுத்துக்கூட்டை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதி, மூன்றும் தவறு. ஆனாலும் படிக்கிறவர் யாரும் இலையைத் தொடமாட்டார் என்று இருவரும் இரண்டு போட்டார்கள். பேச்சில்தான் மோதல். சார் இரண்டு, டீச்சர் நான்கு. சொல் தெரியாமல் எழுந்து போய் சுவிட்சைத் தட்டியது கையின் கெட்டிக்காரத்தனம், நாக்குடையது இல்லை என்று சார். சொல் கிடைக்காதபோது நிற்காமல் வேறு வழி தேடினாரே, பேச்சு என்பதே அதுதான் என்று டீச்சர். நடுவில் மூன்று போட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நம் வீட்டு நிலைமை டீச்சருக்குத் தெரியும், ஆனாலும் அவர் போடவில்லை. இரண்டு படி வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் சொல்ல மாட்டார்கள். அவருக்கும் அம்மா வெறும் ஏழு. முதல் இருவரும் என்ன போட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது.

காத்திருந்த நாட்களைப் பற்றி அம்மா எழுத வேண்டாம் என்கிறார். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார், நான் முடியாது என்றதும் அரிசி களையப் போய்விட்டார். அப்பா லோரியிலிருந்து வெறும் காய்கறிப் பெட்டிகளைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை முடிவு வந்தது. மூன்றாமவர் மூன்று போட்டிருந்தார். டீச்சர் எங்களை மண்டபத்தில் உட்காரவைத்து, பதிவைப் போட்டுக் காட்டி, எந்த இடத்துக்கு என்ன புள்ளி என்று விளக்கிவிட்டு, அந்த முகம் தெரியாதவர் எழுதி அனுப்பிய குறிப்பைத் தமிழில் சொன்னார். 'சரியான சொல் இவரிடம் இல்லை, ஆகவே நான்கு தர முடியாது. இவரை நான் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த அறை இருண்டுவிட்டது என்பதை இவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இருட்டில் நான் விழுந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டதும் புரிந்தது.' எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவர் காதை வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்திருக்கிறார் பாரு என்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அந்த இறக்கத்தை நின்று நின்று, மலையை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே இறங்கினார். திருச்செல்வம் சார் வந்து கைகுலுக்கி, அது 'சுவிட்ச் ஆஃப்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். வடிவம்மாள் அத்தை இன்னொரு முறை எழுதப் போகிறார், இந்த முறை நான் பத்தி எழுதிக்கொடுக்க மாட்டேன், அம்மாவும் அத்தையும் தினமும் வேலியோரம் நின்று இங்கிலீஷில் சண்டை போட்டுப் பழகுகிறார்கள்.

அடுத்தது அம்மா எழுதச் சொல்லியே எழுதுவது. அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் முன் நீங்கள் இங்கிலீஷ் எழுத்துச் சோதனையில் அரைப் புள்ளி குறைந்து அழுதபோது, அரைதானே, கேட்டு வாங்கக் கூடாதா, கிராணியிடம் அரைக் கிலோ கேட்டால் போடமாட்டாரா என்று அம்மா போனில் கேட்டாராம். "அது கேட்டு வாங்குற சாமான் இல்லடி நளினி, இப்பத்தான் எனக்குத் தெரியுது. நீ ரெண்டாவது தடவ உக்காந்து எழுதுனியே, அதுக்கு நான் ஒரு வார்த்த நல்லா சொல்லல. இப்ப சொல்றேன், நீ பெரிய ஆளுடி" என்று அப்படியே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்கக் கூடாதாம், காதை மூடாமல் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாதாம், கழுத்துத் துணி உறுத்தினால் வெந்நீரில் ஒரு முறை அலசிக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அப்பா உங்களுக்குச் சொல்லச் சொன்னது, இனிமேல் இந்த வீட்டில் லைட்டை இங்கிலீஷில்தான் அடைக்கணுமாம், தமிழில் அடைத்தால் கரண்ட் பில் கூடுமாம். அடுத்த மாதம் முதல் தேதி அம்மா தொழிற்சாலைக்குப் போகிறார். பின்னால் அடுக்கிய பெட்டிகளை அப்பா திரும்ப லோரியில் ஏற்றிவிட்டார், ஒன்றைத் தவிர. உங்கள் பார்சல் வருவது அந்தப் பெட்டியில்தான், முட்டைக்கோஸ் வாசம் அடித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோய் நொடி அண்டாமல், நினைத்ததைச் சொல்ல நல்ல சொல் கிடைத்து, கிடைக்காத இடத்தில் தைரியம் கிடைத்து, நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா மணியம்மாவும் அப்பா ராமையாவும் உங்களை வாழ்த்துகிறார்கள். பெட்டி கைக்கு வந்ததும் மறக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அம்மா நாளைக்கும் நேரத்தோடு எழ வேண்டும், இந்த மாதம் முடியும்வரை மலைதான். எழுதியது போதும் என்கிறார். சுவிட்ச் ஆஃப் என்பார் என்று காத்திருந்தேன், "லைட்ட அடைடி" என்றுதான் சொன்னார். இங்கே புள்ளி போட யாரும் இல்லை.

இப்படிக்கு,
அம்மாவுக்காக உங்கள் தங்கை,
ரா. யோகேஸ்வரி.

இந்த வரி மட்டும் எதிர்மலைப் பூந்தோட்டத்தில் செடிகளுக்காக இரவெல்லாம் எரியும் பல்புகளின் வெளிச்சத்தில் எழுதுவது, கோணலாக இருந்தால் காரணம் அதுதான். லைட்டை அடைத்துவிட்டேன்.