அஞ்சு கிழங்கு, ஒரு சாக்கு மண்

நவம்பர் 2

ஆத்துமாக்கள் திருநாள். சிரோக்கோ காத்து, வாயெல்லாம் புழுதி. நானும் ஜெனியும் பஸ்ஸிலை சேமக்காலைக்கு. (ஜெனி எனக்கு ஒரே பிள்ளை. வாய் மட்டும் பத்துப் பிள்ளைக்குக் காணும்.)

பலெர்மோச் சனம் முழுக்கச் செவ்வந்தியோடை. எல்லாருக்கும் போய் நிக்க ஒரு கல்லறை இருக்கு. எங்களுக்குத் தகரக் கொட்டில். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திச் செத்த என்ரை மனுசன், இன்னும் பெட்டியோடை வரிசையிலை. புதைக்க நிலம் இல்லையாம். இவரின்ரை பெட்டிக்கு மேலை ஆரோ, கீழை ஆரோ. மெழுகுதிரி கொளுத்த விடேல்லை, நெருப்புப் பிடிச்சிடுமாம்.

சேமக்காலைக் கந்தோர்க்காரனிட்டைக் கேட்டன். "பொறுமை, சிஞ்ஞோரா. முறை வந்தாக் கூப்பிடுவம். அடுத்த நாள் காலமை வந்திட வேணும்." எருமை மாட்டிலை மழை பெய்த மாதிரி நிக்கிறான். எனக்கு அவனைக் கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுக்க வேணும் போலை கிடந்தது. ஜெனி கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டாள்.

ஆசுப்பத்திரியிலை இவர் எனக்குச் சொன்னது ஒண்டே ஒண்டு. "என்னை மண்ணுக்கை வையப்பா. இஞ்சத்தை ஆக்கள் மாதிரிச் சுவரிலை குழி விட்டு அதுக்கை தள்ள வேண்டாம். இழுத்து மூடுற லாச்சிக்கை வைக்க நான் என்ன கரண்டியோ?" அந்த நிலையிலும் பகிடி.

நவம்பர் 5

மழை. கூரை ஒழுகுது, வாளி வைச்சாச்சு. மூண்டாவது கிழங்கு நட்டன்.

நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா நத்தாருக்கு வெள்ளை அமரில்லிஸ் வாங்குவா. பூ விழுந்தோடனை கிழங்கோடை குப்பைக்கை. நான் பொறுக்கிக்கொண்டு வருவன். "வெங்காயமெண்டாலும் சொதி வைக்கலாம்" எண்டு இவர் சிரிப்பார்.

எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு தெரியாது. அதுக்குத்தான் விட்டு விட்டு நடுறன். ஒண்டு வாட மற்றது விரிய வேணும். எந்த நாள் கூப்பிட்டாலும் வீட்டிலை ஒரு வெள்ளைப் பூ நிக்க வேணும்.

1 - ஒக்டோபர் தொடக்கத்திலை வைச்சது. தண்டு சாண் உயரம். வெளிச்சத்துக்குச் சரியுது, திருப்பி வைக்க.
2 - மூக்கு வெளியை.
3 - இண்டைக்கு. கழுத்து மண்ணுக்கு மேலை. தண்ணி துளிதான்.
4, 5 - கட்டிலுக்குக் கீழை, இருட்டிலை.

மண் இவர் கொண்டு வந்தது. சியாகுல்லியிலை மந்தரீனோத் தோடம்பழத் தோட்டத்திலை வேலை செய்யேக்கை, மிளகாய்க் கண்டு வைக்கவெண்டு, சாக்கிலை கட்டி ஸ்கூட்டரிலை. அஞ்சு தொட்டிக்குக் காணும். மிச்சமிராது.

ஜெனி: "கடையிலை பூ வாங்கேலாதோ மம்மா?"
வாங்கலாம். கடைப்பூ ஆரும் குடுப்பினம்.

நவம்பர் 16

பூசைக்குப் போனன். எல்லாரும் ஒரே கேள்வி. "இன்னும் அடக்கம் முடியேல்லையோ அக்கா?" முடிஞ்சாச் சொல்லாமல் விடுவனோ? எரிச்சல். பூசை முடிஞ்சோடனை வந்திட்டன்.

மன்னாரிலை இருந்து மாமி போன் எடுத்தா. இவரின்ரை தாய். அவவும் அதையே. "பிள்ளை, என்ரை பிள்ளைக்கு மண் குடுத்தாச்சோ?" இல்லை மாமி. "என்ன ஊர் அது, ஒரு மனுசனுக்கு ஆறடி நிலம் இல்லாத ஊர்." உண்மைதானே.

அரிசி, தேசிக்காய், பல்பு. வாங்க மறந்து போனன்.

நவம்பர் 28

முதலாவது விரிஞ்சிட்டுது. ஒரு தண்டிலை நாலு. வெள்ளை எண்டா அப்பிடி ஒரு வெள்ளை. நடுவிலை மட்டும் கொஞ்சம் பச்சை. பாத்துக்கொண்டே நிண்டன், தேத்தண்ணி ஆறிப்போச்சு.

சந்தோசப்படவோ? செத்த வீட்டுப் பூ. ஆனாலும் வடிவு.

போன் பக்கத்திலையே வைச்சிருக்கிறன். குளிக்கேக்கையும்.

டிசம்பர் 14

முதலாவது வாடி விழுந்திட்டுது. ஆரும் கூப்பிடேல்லை. நானே கந்தோருக்குப் போன் எடுத்தன். "பொறுமை."

நாலாவதை நட்டாச்சு.

டிசம்பர் 19

ரெண்டாவது அழுகிப்போச்சு. தொட்டன், விரல் உள்ளுக்கை போகுது. மணம். அந்தக் கொட்டிலுக்கை வெயில் காலத்திலை நிண்ட மணம். ஓடிப்போய்ச் சத்தி எடுத்தன். மண்ணோடை சேத்து வெளியை எறிஞ்சிட்டன், வைச்சிருக்க மனம் இல்லை.

ஆர் தண்ணி விட்டது? எனக்கு விசர் பிடிச்சிட்டுது, ஜெனியைப் பிடிச்சுப் பேசு பேசெண்டு பேசினன். வாய் காட்டுறவள், இண்டைக்கு மெல்லமாச் சொல்லுறாள். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முன்னம் தண்ணி விட்டவளாம். "நத்தாருக்குள்ளை விரியட்டும் எண்டுதான். விரிஞ்சாப் பாப்பாவைக் கூப்பிடுவினம் எண்டு நினைச்சன்." (தேப்பனை அவள் இத்தாலிக்காரர் மாதிரிப் பாப்பா எண்டுதான் சொல்லுவாள்.)

பதினாறு வயசுப் பிள்ளை. பூவுக்கும் கந்தோருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் அதே நினைப்புத்தான் உள்ளுக்கை. வெளியிலை சொல்லேல்லை, அவ்வளவுதான். ரெண்டு பேரும் இருந்து அழுதம்.

டிசம்பர் 25, நத்தார்

பூவும் இல்லை. போனும் இல்லை. சிஞ்ஞோரா வீட்டிலை புதுசா வெள்ளை அமரில்லிஸ் ரெண்டு, சிவப்பு ரிபன் கட்டி. நான்தான் தூசி தட்டினன்.

அஞ்சாவது நட்டன். சாக்கு வெறுஞ்சாக்கு. உதறி மடிச்சு அலுமாரிக்கை வைச்சன், அவரின்ரை சேட்டுகளோடை.

ஜனவரி 7

மூண்டாவது விரியத் தொடங்கிட்டுது. ஒண்டு முழுக்க, ஒண்டு பாதி. நாலாவதிலை மூக்கு. சரியான குளிர், உள்ளுக்கையும் ஸ்வெட்டர்.

ஜனவரி 12

கூப்பிட்டிட்டாங்கள்.

ஆனா நிலம் இல்லை. நிலத்துக்கு எப்ப முறை வருமெண்டு தெரியாதாம். சுவரிலை ஒரு குழி வெறுமையாகியிருக்காம். "நாளைக்கு மத்தியானத்துக்கு முந்திச் சொல்லுங்கோ சிஞ்ஞோரா. இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுக்க வேணும்."

லாச்சி.

மாமிக்கு எடுத்தன். "என்ரை பிள்ளையைச் சுவருக்கையோ? ஒரு பிடி மண் படாமலோ? எங்கடை ஆக்களிலை ஆருக்கு இப்பிடி நடந்தது?" எண்டு குழறுறா. வைச்சிட்டன்.

ஜெனி கதவுக்குப் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவள். "மம்மா, பாஸ்தா. போதும். பள்ளிக்கூடத்திலை கேக்கினம், உன்ரை பாப்பாவை எங்கை அடக்கம் செய்ததெண்டு. நான் என்ன சொல்ல? வரிசையிலை நிக்கிறார் எண்டோ?"

அவர் கேட்டது ஒண்டே ஒண்டு. அதைச் செய்யேலாமல் போச்சு. இன்னொரு வெயில் காலம் அந்தக் கொட்டிலுக்கை விடவும் ஏலாது. அழுதன். பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு, கந்தோருக்கு எடுத்து ஓம் எண்டு சொல்லிட்டன்.

குறை நினையாதையுங்கோ அப்பா.

ஜனவரி 15

வெய்யில். பூ மூண்டு முழுக்க விரிஞ்சு நிக்குது. வெட்ட மனம் வரேல்லை, தொட்டியோடை தூக்கிக்கொண்டு போனன். பஸ்ஸிலை மடியிலை.

சுவாமி வந்தார், கந்தோர்க்காரனும். செபம் சுருக்கம். பெட்டியிலை புழுதி, என்ரை சால்வையாலை துடைச்சன். ரெண்டாம் தட்டு, என்ரை நெஞ்சு உயரம். நாலு பேர் தள்ளிச்சினம், உள்ளுக்கை போயிட்டார். பெட்டி சீமெந்திலை உரசின சத்தம் இப்பவும் காதுக்கை.

மேசன் கல்லைத் தூக்கினான். பூவை வெளியிலை வைக்கச் சொன்னான், உள்ளுக்கை வைக்கேலாதாம்.

நான் தொட்டியைக் கவிட்டன். பூவும் கிழங்கும் ஒரு கையிலை வந்திட்டுது. "இந்த மண்ணைப் போடலாமோ?" எண்டு கேட்டன். அவன் முழிச்சான். ஜெனி தன்ரை சிசிலியன் பாசையிலை ஏதோ சொன்னாள். சியாகுல்லி எண்டதுதான் எனக்கு விளங்கினது. மேசன் கந்தோர்க்காரனைப் பாத்தான். பிறகு கரண்டியைக் கீழை வைச்சிட்டு, அங்காலை திரும்பிச் சிகரெட் பத்தினான்.

நான் ஒரு பிடி. ஜெனி ஒரு பிடி. மாமிக்கு ஒரு பிடி. மிச்சத்தையும் பெட்டிக்கு மேலை கொட்டினன், தொட்டியை வழிச்சு. பிறகு பூசினாங்கள்.

பூவைத் தண்டோடை வெட்டிச் சுவரடியிலை வைச்சம். கிழங்கு பையிலை, வேர் தொங்கத் தொங்க. பஸ்ஸிலை ஒரு மனுசி பாத்துக்கொண்டே வந்தா.

மாமி எடுத்தா. பின்னேரம்.
"பிள்ளை. மண் குடுத்தியளோ?"
"ஓம் மாமி. குடுத்திட்டம். அவர் கொண்டு வந்த மண்தான்."

கிழங்கு குசினி மேசையிலை கிடக்கு. உடனை நட வேணும், வேர் காய்ஞ்சிடும். வீட்டிலை வேறை மண் இல்லை.