காணாமல் போன ஒற்றை ஷூ

என்னங்க,

பத்து மணிக்கு வாஷிங் மெஷின் மெக்கானிக் வருவார். வாசல்லயே ஸாரி சொல்லி அனுப்பிடுங்க. மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலம் அது தடால் தடால்னு அடிச்சதுக்குக் காரணம், நேத்துக் காலையில நீங்க வீட்டையே தலைகீழாப் புரட்டித் தேடின உங்க ஒத்த ஷூ. போர்வைகளோட சேர்ந்து அதுவும் குளிச்சிருக்கு. இப்போ பால்கனியில காயுது.

உள்ள போட்டது நம்ம வாலுதான். ரெண்டு வயசுலயே மெஷின் கதவைத் திறக்கக் கத்துக்கிட்டா. ஆனா, பார்க்காம ஸ்விட்சைப் போட்டது நான்தான், ஒத்துக்கிறேன். "கண்ணைத் திறந்து தேடுங்க"ன்னு உங்ககிட்ட கத்தினதையும் வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க "இது வீடா, குப்பைமேடா"ன்னு கேட்டீங்களே, அதுக்கு மட்டும் சாயங்காலம் வந்து வச்சுக்கிறேன்.

அவ எழுந்ததும் பாலும் வாழைப்பழமும் குடுங்க. முட்டை வேகவச்சு மூடி வச்சிருக்கேன். ஊட்டாதீங்க, அவளே பிச்சுத் தின்னுவா. பாதி தரைக்குப் போகும், போகட்டும். வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, அவளுக்கு எட்டாது. இன்னிக்கு முழுக்க நீங்க தனியாவே சமாளிச்சிடுவீங்க, எனக்குச் சந்தேகமே இல்ல.

பி.கு.: கிளம்பப் பார்த்தா என் ஒத்த வெள்ளை ஷூவைக் காணோம்! முதல் வேலையா மெஷினுக்குள்ள பார்த்தேன். இல்ல.

கிடைச்சிருச்சு. கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குறா. ராத்திரி நான் யூனிஃபார்ம் எடுத்து வச்சதைப் பார்த்துட்டா போல. யாரு கிளம்பப் போறாங்களோ அவங்க ஷூதாங்க காணாமப் போகுது.

உருவ மனசு வரல. செருப்போடவே வார்டுக்குப் போறேன். தலைமை நர்ஸ் திட்டினா திட்டட்டும்.