இப்போது யார் முறை

நவம்பர் 9

அன்புள்ள பறவைக்காரிக்கு,

நலம். பறவை எண்ணப் போன தீவில் உனக்கென்ன, ஏனென்று கேட்க ஆளில்லை. நீ போன மறுநாளே தையல் மெஷினை அம்மா கட்டிலருகே போட்டுவிட்டேன். ஒரு பட்டன் தைப்பதற்குள் அவளிடமிருந்து அடுத்த கூப்பாடு. நான் வாசற்படி தாண்டி எத்தனை நாளாயிற்றோ. பாசமில்லாத வீடு என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான் முள்ளாகக் குத்துகிறது. அடுத்த படகில் வந்துவிடு.

உன் டைலர்


டிசம்பர் 8

அன்புள்ள டைலருக்கு,

இங்கே ஒரு கூத்து. இந்தக் கடற்பறவைகளில் இளசுகள் ஜோடி தேடி வருஷக்கணக்கில் ஆடுகின்றன. அலகைத் தட்டுவதென்ன, வானத்தைப் பார்த்துக் கத்துவதென்ன. ஆடின கால் சும்மா இருக்காது என்பார்கள். இரண்டு கிழடுகள் மட்டும் சும்மாவே உட்கார்ந்திருந்தன. ‘ஜோடி இல்லை’ என்று குறித்துவிட்டேன். நேற்றுப் பார்த்தால் அடியில் முட்டை. எங்கள் குழுத் தலைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “இருபது வருஷமா ஒண்ணா இருக்குதுங்க. இனிமே எதுக்கு ஆடணும்?” என்றாள்.

படகைப் பற்றி யோசிக்கிறேன்.

உங்கள் பறவைக்காரி


டிசம்பர் 22

என் பறவைக்காரிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கே படித்துக் காட்டினேன். பார்த்தாயா, ஆடாததெல்லாம் அன்பில்லாததல்ல. நானும் கிழட்டுப் பறவைதான். உன் கணக்கு அங்கேயும் தப்பு, இங்கேயும் தப்பு. பெட்டியைக் கட்டு.

உன் டைலர்


ஜனவரி 5

அன்புள்ள டைலருக்கு,

ஆட்டத்தை விடுங்கள். ஆணும் பெண்ணும் முறை வைத்து முட்டைமேல் உட்காரும். ஒன்று கடலுக்குப் போனால் மற்றது பட்டினியாக, வாரக்கணக்கில், அசையாமல். உங்கள் அம்மா படுக்கையில் விழுந்து ஒன்பது வருஷம். நீங்கள் கடை திறக்கப் போனீர்கள். நான் பள்ளிக்கூட வேலையை விட்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஒரு நாளாவது, ‘நீ எழுந்திரு, நான் உட்காருகிறேன்’ என்றீர்களா?

நம் கிழவர் இப்போது முட்டைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அம்மணி கடலிலிருந்து வரவேண்டிய நாள் கடந்துவிட்டது. மெலிந்துவிட்டார். சில பறவைகள் முட்டையை விட்டுப் போய்விடும். இங்கே யாரும் குற்றம் சொல்வதில்லை.

வரும் படகில் நான் இல்லை.


ஜனவரி 24

அன்புள்ள உனக்கு,

உன்னுடைய இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தினமும் சாயங்காலம் நீ எப்போது வருவாய் என்று கேட்பாள், வருவாள் என்பேன். நேற்று, “இப்ப என் முறைம்மா” என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடையை வேறொருவரிடம் விட்டுவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்த நாற்காலியில் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நீ எப்போது வருவாய் என்றும் கேட்க மாட்டேன்.

கடலுக்குப் போன அந்த அம்மணி திரும்பினாளா? அதை மட்டும் எழுது.

டைலர்